இருபதாயிரம் குளவிகள்

ஓர் அட்டையில் இருபதாயிரம் குளவிகள் என்றால் யார் நம்புவார்கள்? பார்ப்பதற்கு அது உப்புத்தாள் மாதிரிதான் இருக்கும். ஆனால் அதில் ஒட்டியிருப்பவை அந்துப்பூச்சியின் முட்டைகள். ஒவ்வொன்றுக்குள்ளும் புள்ளியளவுக் குளவி ஒன்று தன் முட்டையை இட்டிருக்கிறது. ஆகவே அந்துப்பூச்சிக்குப் பதிலாகக் குளவிதான் வெளிவரும். அட்டையை வயலில் கட்டிவிட்டால் குளவிகள், பயிரைத் தின்னும் தண்டுதுளைப்பான் பூச்சியின் முட்டைகளைத் தேடிப்போய் இதே வேலையைச் செய்யும். மனிதரை ஏறெடுத்தும் பார்க்காது.

இவற்றை வீட்டின் பின்னறையில் வளர்ப்பவளை எல்லோரும் அட்டைக்காரி என்பார்கள். இயற்கை விவசாயிகள் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்துக்கு அவள் நாத்தனாரோடு வந்திருந்தாள். சங்கம் மொத்தமாக வாங்கினால் பின்னறை தப்பும். இல்லாவிட்டால் அதை வாடகைக்கு விடுவதென்று வீட்டில் முடிவாகியிருந்தது.

சங்கத் தலைவருக்குச் சந்தேகம். போன வருடம் வேறொருவரிடம் வாங்கிக் கட்டிய அட்டைகளிலிருந்து ஒன்றுமே வரவில்லை.

"உள்ள உயிர் இருக்குன்னு எப்படிம்மா நம்புறது?"

"முட்டை கருப்பா மாறியிருக்கு பாருங்கண்ணா. அப்படின்னா உள்ள குளவி இருக்குன்னு அர்த்தம்."

"கருப்பா எள்ளும்தான் இருக்கு."

குளிரில் வைத்தால் குளவி வெளிவருவது தள்ளிப்போகும், சூடு பட்டால் முந்திக்கொள்ளும். மறுநாள் வெளிவர வேண்டியவை என்பதால் ஆறு அட்டைகளையும் ஐஸ் பெட்டியிலேயே வைத்துவிட்டு அவள் சாப்பிடப் போனாள். பெட்டிக்குள் கிடந்தால் யார் கண்ணில் படும் என்று நாத்தனார் அவற்றை எடுத்து, மேடை மேசையிலிருந்த விளக்கின் கீழ் வரிசையாகச் சாய்த்து வைத்தாள்.

பிற்பகலில் தலைவர் மேடையேறி, பூச்சிகளும் நம் சொந்தங்கள்தான் என்று உருக்கமாகப் பேசினார். அரங்கை இருட்டாக்கிப் படம் போட்டார்கள். குளவிகளுக்கு வெளிச்சம் என்றால் உயிர். திரையில் புள்ளிகள் ஊர்ந்தன. படத்தில்தான் ஏதோ கோளாறு என்று முதலில் நினைத்தார்கள். ஒன்று தலைவரின் மூக்குக் கண்ணாடியில் உட்கார்ந்தது. சொந்தங்களைப் பற்றிய வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட்டு, மேசைக்கடியிலிருந்து கொசு ஸ்ப்ரேயை எடுத்து அவரே அடித்தார்.

அட்டைக்காரி ஓடி வந்தாள். "அடிக்காதீங்கண்ணா, அது நம்ம குளவி." அதற்குள் டப்பா பாதி காலி.

விளக்கைப் போட்டார்கள். மேசை விரிப்பில் கிடந்தவற்றைத் தலைவர் உருப்பெருக்கியில் பார்த்தார். முப்பது வரை எண்ணிவிட்டு நிறுத்தினார்.

"நெஜமாவே உயிரோட இருந்திருக்கும்மா," என்றார்.

எல்லோரும் கைதூக்கினார்கள். இருநூறு அட்டை வாங்குவதென்று தீர்மானம் நிறைவேறியது. நாத்தனார் மட்டும் தலை நிமிரவில்லை. "அண்ணி, வெளிச்சத்துல வெச்சது தப்பா?" என்று மெல்லக் கேட்டாள். அட்டைக்காரி அவள் தோளைத் தட்டினாள்.

பிறகு கணக்கை விளக்கினாள். வீட்டு ஃப்ரிட்ஜில் மிச்சமிருப்பது ஒரே அட்டை. அது வெளிவந்தால் ஆறு அட்டைக்கு முட்டையிடும், அந்த ஆறு முப்பத்தாறாகும், மூன்றாம் தடவைதான் இருநூறைத் தாண்டும். தடவைக்கு எட்டு நாள்.

"இருபத்தினாலு நாளா? இந்த ஆறு அட்டையும் இருந்திருந்தா?"

"பதினாறு நாள் போதும்ணா."

தலைவர் டப்பாவைக் கீழே வைத்தார்.

"சரி, நடவ எட்டு நாள் தள்ளி வெச்சுக்குவோம்," என்றவர், எழுதிக்கொண்டிருந்த செயலாளர் பக்கம் குனிந்தார். "காரணம் மட்டும் எழுத வேண்டாம்யா."