பின்கதவில் ஒட்டிய பெயர்

மாமனார் காரின் பெயரைக் கிண்டல் செய்துகொண்டிருந்த நேரத்தில்தான் லாரி வந்து இடித்தது.

"ஸிரோவாவாம், ஸிரோவா! காருக்கு வைக்கிற பேரா இது? மாத்திரைக்கு வைக்கிற பேரு மாப்பிள்ளை. காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, சாப்பாட்டுக்கு அப்புறம்னு டாக்டர் எழுதிக் குடுப்பாரு" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார். மாப்பிள்ளையும் சிரித்துவைத்தான். பெண் கொடுத்தவர் சிரிக்கும்போது சிரிக்காமல் இருக்க முடியுமா? சிரித்துக்கொண்டே நாற்சந்தியில் வண்டியைத் திருப்பினான். அவர் உட்கார்ந்திருந்த பக்கமாகச் சாம்பல் நிறத்தில் ஏதோ பெரிதாக வந்தது. அதற்குப் பிறகு சத்தம் மட்டும்தான் அவனுக்கு நினைவில் இருக்கிறது.

கார் சாலைக்குக் குறுக்கே நின்றிருந்தது. அவன் பக்கத்துக் கதவு ஒன்றுமே நடக்காததுபோல் திறந்துகொண்டது. இறங்கி நின்று தன்னைத் தடவிப் பார்த்துக்கொண்டான். நெற்றியில் ஒரு கீறல், அவ்வளவுதான். அந்தப் பக்கம் சுற்றிவந்து பார்த்தான். முன்கதவுக்கும் பின்கதவுக்கும் நடுவில் கூரையைத் தாங்கும் தூண் உள்ளே வளைந்து, கிழவரை இருக்கையோடு சேர்த்து அழுத்திப் பிடித்திருந்தது. இடுப்புக்குக் கீழே எதுவும் தெரியவில்லை.

"பாத்தீங்களா, தகரம்" என்றார் மாமனார். மூச்சு வாங்கியது. குரலில் மட்டும் வழக்கமான குசும்பு இருந்தது.

இந்தத் தகரப் பேச்சுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். மாமனார் பஸ்ஸுக்குக் கூடு கட்டும் பட்டறையில் முப்பது வருடம் இரும்புத் தகடு தட்டியவர். எந்தப் புதுக் காரைப் பார்த்தாலும் விரல் கணுவால் கதவைத் தட்டிவிட்டு, டாக்டர் மார்பைத் தட்டிக் கேட்பதுபோல் தலையைச் சாய்த்துக் கேட்பார். பிறகு உதட்டைப் பிதுக்குவார். அவர் வைத்திருந்த பழைய காரின் பெயர் சேனாதிபதி. அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் வீட்டில் இருக்கிற எல்லோருக்கும் அவசர வேலை வந்துவிடும். மாட்டிக்கொள்கிறவன் மாப்பிள்ளைதான்.

"சேனாதிபதி கதவைச் சாத்தினா தெருவே திரும்பிப் பாக்கும். முன்னால இருக்கிற பம்பர்ல நாலு பேர் ஏறி நின்னு போட்டோ எடுத்திருக்கோம். வட்டமா ரெண்டு லைட்டு, மனுசன் மூஞ்சி மாதிரி இருக்கும். இப்ப வர்றதெல்லாம் கண்ணைச் சுருக்கிக்கிட்டு யாரையோ முறைக்குது. யார் மேல இவங்களுக்கு இவ்வளவு கோவம்னு தெரியல."

சும்மா கேட்டுவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வதில் மாப்பிள்ளையை மிஞ்ச ஆள் கிடையாது. ஒரு நாள் குடும்பமே கூடியிருந்த கூடத்தில், "பாதுகாப்பு தகரத்தோட கனத்துல இல்ல மாமா. நான் எடுக்கப்போறது டாப் மாடல். ஸெட் பிளஸ். ஆறு ஏர்பேக்" என்று அறிவித்துவிட்டான். எந்த வாரம் வண்டி வரும் என்பதையும் சேர்த்துச் சொல்லித் தொலைத்தான். ஷோரூமில் போய்க் கேட்டால் டாப் மாடலுக்கு ஒன்பது மாதம் காத்திருக்க வேண்டும் என்றார்கள். அதே நிறத்தில் பேஸ் மாடல் மட்டும் கைவசம் இருந்தது. அதில் முன்னால் இரண்டு ஏர்பேக்தான், பக்கவாட்டில் ஒன்றும் கிடையாது. சொன்ன சொல் கீழே விழக்கூடாது என்று அதை எடுத்தான். அடுத்த தெருவில் உதிரி அலங்காரம் விற்கும் கடையில் பின்கதவுக்கு 'ஸெட் பிளஸ்' என்ற வெள்ளி எழுத்துகளும், தூண்களில் ஒட்ட 'ஏர்பேக்' என்று பொறித்த சின்னச் சின்ன வில்லைகளும் ஒரே பொட்டலமாகக் கிடைத்தன. "எல்லாரும் பண்றதுதான் சார்" என்றான் கடைக்காரன். வீட்டில் மனைவி உட்பட யாருக்கும் தெரியாது. இரண்டு வருடத்தில் மாப்பிள்ளைக்கே பல நாள் மறந்துபோயிருந்தது.

மீட்பு வண்டி பத்து நிமிடத்துக்குள் வந்துவிட்டது. தலைமை தாங்கி வந்தவர் ஐம்பது வயதுப் பெண்மணி. குள்ளம், ஆனால் அவர் நடந்து வந்த வேகத்துக்குக் கூட்டம் தானாக விலகியது. கூட இரண்டு ஆட்கள், கையில் இரும்பை வெட்டும் பெரிய கத்தரி. ஆம்புலன்ஸ் நர்ஸ் ஓட்டுநர் பக்கமாக உள்ளே நுழைந்து மாமனாரின் மணிக்கட்டைப் பிடித்தபடி, "கால்ல ரத்தம் போய்க்கிட்டிருக்கு மேடம். எனக்குக் கை எட்டல. ரொம்ப நேரம் தாங்க மாட்டார்" என்றார்.

"தூணை மேலயும் கீழயும் வெட்டிட்டா கதவோட சேர்த்து இழுத்துடலாம். அஞ்சு நிமிஷ வேலை" என்று கத்தரிக்காரர் காலை அகட்டி நின்றார்.

"இரு" என்றார் மேடம். காரின் பின்பக்கம் போனார். வெள்ளி எழுத்துகளைப் படித்தார். கைப்பேசியில் எதையோ தேடிப் படித்துவிட்டுத் திரும்பி வந்தார். முகம் மாறியிருந்தது.

"ஸெட் பிளஸ். இந்தத் தூணோட தலைமாட்டுல கேஸ் சிலிண்டர் இருக்கு. பக்கவாட்டு ஏர்பேக்குக்கு. இடிச்சும் பை விரியல, பாரு. அப்ப அது அப்படியே உள்ள இருக்கு. கத்தரி பட்டா வெடிக்கும். அவர் தலை ஒரு சாண் தள்ளி இருக்கு."

"உறையைப் பிரிச்சுப் பாத்துடலாமா?"

"எங்க பிரிக்கிறது? அவர் தோள்தான் அதுமேல இருக்கு. பின்பக்கமா வாங்க. பின் சீட்டைக் கழட்டி, முன் சீட்டைச் சாய்ச்சு எடுக்கணும்."

"இருபத்தஞ்சு நிமிஷம் ஆகும் மேடம்."

நர்ஸ் தலையை ஆட்டினார். அவ்வளவு நேரம் இல்லை என்று அதற்குப் பொருள்.

மாப்பிள்ளை வளைந்த தூணையே பார்த்தான். அந்தத் தூணில் வெறும் பஞ்சுதான் இருக்கிறது என்பது அங்கே நிற்கிற ஐம்பது பேரில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். சொன்னால் கிழவர் பிழைக்கலாம். சொன்னால் அதோ உள்ளேயிருந்து அவரும் கேட்பார். இந்த நேரத்தில்கூட அதை நினைக்கிறோமே என்று தன்மேலேயே அருவருப்பு வந்தது. வந்தும், வாயிலிருந்து வந்தது பாதி உண்மைதான்.

"மேடம், அது ஒருவேளை டாப் மாடலா இல்லாமக்கூட இருக்கலாம். ஷோரூம்ல ஏதோ மாத்திக் குடுத்தாங்கன்னு..."

"இருக்கலாமா? உங்க வண்டிதானே? ஆர்.சி. எங்க?"

"டேஷ்போர்டுக்குள்ள." டேஷ்போர்டு மடிந்து கிழவரின் முழங்காலுக்கு மேல் கிடந்தது.

"பழைய வண்டின்னா வந்தமா வெட்டினமான்னு இருக்கும். இப்ப ஒவ்வொண்ணையும் படிச்சுட்டு வெட்ட வேண்டியிருக்கு. நீங்க இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்னா நான் எதை நம்பி வெட்டுறது? பின் சீட்டைக் கழட்டுங்கப்பா!"

ஆட்கள் பின்பக்கம் ஓடினார்கள். மாமனாரின் தலை மெல்லத் தொங்க ஆரம்பித்தது.

"மாமா!" என்று கத்தினான் மாப்பிள்ளை. பதில் வரவில்லை. வாயை மூடவே தெரியாத மனிதர். அந்த மௌனம் அவனைப் பிடித்து உலுக்கியது.

"மேடம், அது பேஸ் மாடல். பேரு நான் ஒட்டினது. கடையில வாங்கி நானே ஒட்டினேன். அந்தத் தூண்ல சிலிண்டர் இல்ல, பை இல்ல, ஒண்ணும் இல்ல. வெட்டுங்க!"

மேடம் அவனைப் பார்த்த பார்வையை அவன் சாகும்வரை மறக்கப்போவதில்லை. ஆனால் அவர் வாய் திறப்பதற்குள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு இன்னொரு குரல் வந்தது.

"வெட்டாதீங்க! அதுல ஏர்பேக் இருக்கு!"

அவன் மனைவி. இரண்டு கட்டிடம் தள்ளியிருக்கும் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவள். அவளை மதியச் சாப்பாட்டுக்கு அழைத்துப் போகத்தான் இருவரும் வந்திருந்தார்கள். வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்திருந்தாள்.

"எங்க அப்பா மேடம் அது. இது டாப் மாடல், எனக்கு நல்லாத் தெரியும். தூண்ல லேபிளே இருக்கு. இவரு அடிபட்டதுல ஏதோ உளர்றாரு. வெட்டினா அப்பா முகத்துலதான் வெடிக்கும்!"

"உளறல. டாப் மாடல்னு நான் சொன்னதுதான் பொய்."

"எதுக்கு? எதுக்குப் பொய் சொல்லணும்?"

மேடம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஒருவன் தானே பொய்யன் என்கிறான். ஒருத்தி அழுதுகொண்டே உண்மை என்று நம்புவதைச் சொல்கிறாள். யாரை நம்புவது?

"உங்க பக்கத்துத் தூணுக்கு ஒண்ணும் ஆகல. அங்க காட்டுங்க" என்றார் அவனிடம்.

ஓட்டுநர் பக்கம் ஓடினான். தூணில் இருந்த வில்லையின் ஓரத்தில் நகத்தை விட்டான். இரண்டு தடவை வழுக்கியது. மூன்றாவது தடவை பசையோடு பிய்ந்து கையில் வந்தது. கத்தரிக்காரர் நெம்புகோலால் பிளாஸ்டிக் உறையை மேலிருந்து கீழாக ஒரே இழுப்பில் பிரித்தார். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். ஒரு துண்டுப் பஞ்சு. சிலிண்டர் வைக்க வேண்டிய இடத்தில் காலித் துளை.

"ஒரு பக்கம் மட்டும் வைக்க மாட்டாங்க" என்றார் மேடம், தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல. பிறகு உரக்க, "எல்லாரும் தள்ளுங்க. அவர் முகத்துக்குப் போர்வையைப் போடுங்க. வெட்டு!"

கத்தரி தூணின் தலையைக் கவ்வியது. மாப்பிள்ளை கண்ணை மூடவில்லை. மூடும் உரிமை தனக்கு இல்லை என்று நினைத்தான். அவன் மனைவி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நின்றாள். இரும்பு முனகியது, நெளிந்தது, 'டொக்' என்று விட்டது. வெடிக்கவில்லை. கீழேயும் ஒரு வெட்டு. கதவும் தூணுமாக வெளியே இழுத்துப் போட்டபோது நர்ஸ் ஏற்கெனவே கிழவரின் தொடையைக் கட்டிக்கொண்டிருந்தார்.

ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது மாமனார் கண்ணைத் திறந்தார். மருமகனைப் பார்த்தார். எல்லாவற்றையும் கேட்டிருந்தார் என்பது அந்தப் பார்வையிலேயே தெரிந்தது. ஒரு கிண்டல், ஒரு 'தகரம்', எதையாவது சொல்லமாட்டாரா என்று மாப்பிள்ளை ஏங்கினான். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"பிழைச்சுக்குவாரா?" என்று மேடத்திடம் கேட்டான்.

"பிழைச்சுக்குவார். இப்பவாவது சொன்னீங்களே. ஆனா ஒண்ணு. அந்தப் பை நிஜமாவே இருந்திருந்தா தலைக்கு அணைப்பா இருந்திருக்கும். டாப் மாடல் தூணும் பலமான இரும்பு, இவ்வளவு வளைஞ்சிருக்காது. எனக்கு இங்க வேலையே இருந்திருக்காது." அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

ஆம்புலன்ஸில் மனைவி ஏறியதும் அவனும் ஒரு காலை வைத்தான். அவள் கையை நீட்டித் தடுத்தாள். அழுகை நின்றிருந்தது.

"பாப்பாவைப் பின்னால உட்கார வெச்சு எவ்வளவு தூரம் ஓட்டியிருக்கேன் தெரியுமா? மழையில, ஹைவேல, லாரிக்கு நடுவுல. பக்கத்துல பை இருக்கு, குழந்தைக்கு ஒண்ணும் ஆகாதுன்னு அந்த லேபிளைப் பாத்துப் பாத்து ஓட்டினேன். ஒவ்வொரு தடவையும் வாசல்ல நின்னு டாட்டா காட்டினீங்க. பின்னாலயும் ஒண்ணும் இல்லைன்னு அப்பத் தெரியுமா உங்களுக்கு?"

மறந்துபோயிருந்தது என்று சொல்ல வாயெடுத்தான். அதைவிடக் கேவலமான பதில் இருக்க முடியாது என்று உடனே புரிந்தது.

"தெரியும்" என்றான்.

அவள் தலையசைத்தாள். அப்பாவின் போர்வையைச் சரிசெய்தாள்.

"நாலு மணிக்கு ஸ்கூல் விடும். என் அக்காவை அனுப்பிக் கூட்டிக்கிறேன். நீங்க பாப்பாவைக் கூப்பிடப் போகாதீங்க" என்று சொல்லிவிட்டுக் கதவை உள்ளேயிருந்து சாத்தினாள்.