சூளைத் தெருவிலிருந்து பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம்

சூளைத் தெருவிலிருந்து பள்ளிக்கூடத்துக்குப் போகும் பாதை, அந்தத் தெருப் பிள்ளைகள் புத்தகப் பையோடு நடந்தால் மட்டும் நீண்டுவிடும். மற்றபடி அது சாதாரணப் பாதைதான். பால்காரர் சைக்கிளில் ஒரு பாட்டை முணுமுணுத்து முடிப்பதற்குள் அந்தக் கோடிக்குப் போய்ச் சேர்ந்துவிடுவார். செங்கல் லாரிக்கும் தபால்காரருக்கும் தெருநாய்க்கும் ஒரே தூரம். அதே பிள்ளைகள் உப்பு வாங்கக் கடைக்கு ஓடினால்கூடப் பாதை சும்மா கிடக்கும். பையை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்தை நினைத்து இறங்கிவிட்டால் போதும், ஒரு மதகு இருந்த இடத்தில் நாலைந்து மதகு முளைக்கும், விளக்குக் கம்பங்கள் பெருகும், எந்த வரைபடத்திலும் இல்லாத மேடு ஒன்று எழுந்து நிற்கும். விடிவதற்கு முன் கிளம்பிய பிள்ளைகள் முற்பகல் இடைவேளை முடியும் நேரத்துக்குப் புழுதியும் வியர்வையுமாகப் போய்ச் சேருவார்கள். குழாயில் தண்ணீர் நூலாக வருகிறது என்று பேசுகிற மாதிரிதான் அந்தத் தெருவில் இதைப் பற்றியும் பேசிக்கொண்டார்கள்.

பள்ளிக்கூடத்தில் யாரும் கெட்டவர்கள் இல்லை. தலைமையாசிரியர் தங்கமான மனிதர். சூளைத் தெருப் பிள்ளைகளுக்குத் தூக்கம் அதிகம் என்று மட்டும் நம்பினார். ஒன்பது மணிக்கு மணி அடிக்கும், கேட் மூடும், அதன் பிறகு வருகிறவர்கள் வெளியே நிற்க வேண்டும், அன்றைய வருகை கிடையாது. வருகை குறைந்தால் கடைசி வகுப்பின் இறுதித் தேர்வு எழுத முடியாது. சூளைத் தெருவிலிருந்து அதுவரை ஒருவரும் இறுதித் தேர்வு எழுதியதில்லை. எழுதாதவர்கள் திரும்பி வந்து சூளையில் அப்பா அம்மாவோடு செங்கல் அறுத்தார்கள். அவர்கள் அறுத்த கல்லில்தான் பள்ளிக்கூடத்தின் புது வகுப்பறைகள் கட்டப்பட்டன.

கல்வி அலுவலகத்துக்கு மாற்றலாகி வந்த திட்ட அதிகாரியை எல்லாரும் ஸ்கேல் அம்மா என்பார்கள். கைப்பையில் எஃகு ஸ்கேல் ஒன்று எப்போதும் இருக்கும். மேஜையில் டீ டம்ளர் வைக்கும் இடத்துக்குக்கூட ஒரு கோடு போட்டிருந்தார். தூரத்திலிருந்து வரும் பிள்ளைகளுக்குப் பயண உதவி கொடுப்பது அவர் பொறுப்பு. எவ்வளவு தூரத்துக்கு மேல் என்பதற்கு விதி இருந்தது, விதியை அவர் தாண்ட மாட்டார். சூளையில் கல் சுமக்கும் பெண் ஒருத்தி வந்து உதவி கேட்டபோது, ஸ்கேல் அம்மா அளக்கும் சக்கரத்தை எடுத்துக்கொண்டு தானே போய் வெயிலில் உருட்டினார். தூரம் விதிக்குள் அடங்கிவிட்டது. குறுக்கே பேச இடமில்லை, உதவி இல்லை என்று சொல்லிவிட்டார். அந்தப் பெண் அழவும் இல்லை, சண்டை போடவும் இல்லை.

"மேடம், நீங்க அளந்தது உங்க ரோடு. எங்க பிள்ளைங்க ரோட்டை நீங்க அளக்கவே இல்லையே" என்று சொல்லிவிட்டுச் சும்மாட்டுத் துணியை உதறிக்கொண்டு போய்விட்டாள்.

அந்த வார்த்தையை ஸ்கேல் அம்மா அன்று ராத்திரி வீட்டில் திரும்பத் திரும்பச் சொன்னார். மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்த அவர் கணவர், "ரோடு நீளுதுன்னு ஆபீஸ்ல போய்ச் சொல்லி வைக்காதே, லீவு கொடுத்து டாக்டர்கிட்ட அனுப்பிடுவாங்க" என்று எச்சரித்துப் பார்த்தார். மறுநாள் விடிவதற்கு முன் ஸ்கேல் அம்மா சூளைத் தெருவில் நின்றார். அந்தப் பெண்ணின் மகளோடு நடப்பதாக ஏற்பாடு. மகளுக்குத் தெருவில் சில்வண்டு என்று பெயர், வாய் மூடாத பிள்ளை. அவள் பையை மாட்டிக்கொண்டு அதிகாரியின் கையைப் பிடித்ததுதான் தாமதம், பாதை தன் வேலையைக் காட்டியது. மதகுக்குப் பின் மதகு வந்தது. சில்வண்டு ஒவ்வொன்றையும் சொந்தக்காரரை அறிமுகப்படுத்துகிற மாதிரி காட்டிக்கொண்டே நடந்தாள். "இது நிஜ மதகு. இது பொய் மதகு. இதுவும் பொய்தான், ஆனா நல்ல நிழல், உட்காரலாம். அதோ வருது பாருங்க, பசி மேடு. அங்க யாரும் பேசக் கூடாது, பேசினா வயிறு கத்தும்." பசி மேட்டின் உச்சியில் ஸ்கேல் அம்மாவின் செருப்பு வார் அறுந்தது. பள்ளிக்கூட வாசலுக்கு வந்தபோது வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது, கேட் மூடியிருந்தது. புழுதி அப்பிய முகத்தை அடையாளம் தெரியாமல் பள்ளி உதவியாளர் அவரையும் பிள்ளைகளோடு சுவரோரம் நிற்க வைத்தார். "நான் யார் தெரியுமா" என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. கேட்காமல் நின்றார். உள்ளே பாடம் நடக்கும் சத்தத்தைச் சுவருக்கு வெளியே நின்று கேட்பது எப்படி இருக்கும் என்று அதுவரை அவருக்குத் தெரியாது. மனசு விட்டுப் போயிற்று.

அதற்குப் பிறகு சில வருடங்கள் அவர் தலைமையகத்துக்கு எழுதியதெல்லாம் கிணற்றில் போட்ட கல்தான். தூரம் மாறும் என்று எழுதினால், மாறும் தூரத்துக்குப் படிவத்தில் கட்டம் கிடையாது என்று பதில் வந்தது. ஒரு குழு வந்தது. குழுவினர் தாங்களாக நடந்தார்கள், பாதை நல்ல பிள்ளையாகக் கிடந்தது. விடுமுறை நாளில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு நடந்தார்கள், அப்போதும் ஒன்றும் ஆகவில்லை. இன்னொரு குழு, ஸ்கேல் அம்மா சொன்னதைக் கேட்டு, பள்ளி நாளில் பிள்ளைகளுக்குப் பின்னால் போனது. ஆனால் நடுவில் டீ குடிக்க ஒதுங்கியதால் பிள்ளைகளைத் தவறவிட்டு, பொய் மதகுகளுக்கிடையே வழி தெரியாமல் சுற்றி, தாடி வளர்ந்து திரும்பியது. குழுத் தலைவர் வழியிலேயே ஓய்வு பெற்றிருந்தார். பிறகு எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே மாதிரி சைக்கிள் வந்தது. பள்ளிக்கூடத்தை ஒட்டியிருந்த மேட்டுத் தெருப் பிள்ளைகளுக்கும் கிடைத்தது; அவர்கள் முன்பைவிடச் சீக்கிரம் வந்தார்கள். சூளைத் தெருவுக்குப் பாதை சைக்கிளுக்குத் தகுந்த மாதிரி இன்னும் நீண்டது. பஸ் விட்டார்கள், பஸ் பசி மேட்டில் டீசல் தீர்ந்து நின்றது. எல்லாருக்கும் சமமாகக் கொடுத்தாயிற்று என்று தலைமையகம் கை கழுவியது.

இதற்குள் சில்வண்டு வளர்ந்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்கேல் அம்மா வீட்டில்தான் அவள் படிப்பு, சாப்பாடு, பேச்சு எல்லாம். பிள்ளை இல்லாத வீட்டில் கணவருக்கும் அவள் குரல் கேட்காவிட்டால் ஞாயிற்றுக்கிழமை விடிந்த மாதிரி இருக்காது. கண்ணாடிக் கடையின் எழுத்துப் பலகையைப் பார்க்காமலே ஒப்பிப்பாள். படிப்பு வந்தது, வருகைதான் வரவில்லை. கடைசி வகுப்புக்கு அவள் போன வருடம், இந்தத் தடவையும் வருகை குறைந்தால் சூளைக்குத்தான் என்று அவள் அம்மா சொன்னாள். அந்த அம்மாள் மிரட்டவில்லை, முதுகு போய்விட்டது, தாங்க முடியவில்லை. ஸ்கேல் அம்மா கைப்பையிலிருந்த ஸ்கேலை எடுத்து மேஜை இழுப்பறையில் போட்டார். பாதை நம் கையில் இல்லை, மணி நம் கையில் இருக்கிறது என்று அவருக்குத் தோன்றியது. மழைக்காலத்துக்காகப் பள்ளி நேரத்தை மாற்றிக்கொள்ளும் அதிகாரம் அவர் அலுவலகத்துக்கு உண்டு. அதை வைத்து ஓர் உத்தரவு போட்டார்: கடைசிப் பிள்ளை வந்த பிறகே மணி அடிக்க வேண்டும்.

மேட்டுத் தெரு கொதித்துப் போனது. மருந்துக் கடைக்காரர் அலுவலகத்துக்கே வந்து, "என் பையன் எதுக்கு மேடம் காத்துக் கிடக்கணும்?" என்று சத்தம் போட்டார்.

"அவங்க பிள்ளைங்க இத்தனை வருஷம் சுவரோரமா நின்னாங்க சார். அப்ப நீங்க ஏன்னு கேட்கலையே" என்றார் ஸ்கேல் அம்மா.

மருந்துக் கடைக்காரர் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார். ஆனாலும் காத்திருப்பது லேசுப்பட்ட காரியமா? மணி அடிக்காமல் நிற்கிற பள்ளிக்கூடத்தைப் பார்த்துப் பார்த்து, சூளைத் தெருப் பாதை முதல் தடவையாக ஊர்ப் பிரச்சினை ஆனது. யாரும் சொல்லாமலே பேக்கரிக்காரர் பசி மேட்டில் ரொட்டிக் கூடையோடு நின்றார். எரியாத விளக்குகளுக்கு நகராட்சி பல்பு போட்டது. மருந்துக் கடைக்காரரின் மகன் சலிப்பு தாங்காமல் எதிரே நடந்து போய், சில்வண்டின் தோழி ஒருத்தியின் பையை வாங்கிச் சுமந்தான். அன்று ஒரு பொய் மதகு வரவே இல்லை. மறுநாள் அவனோடு ஒரு பட்டாளமே கிளம்பியது. பாதை கொஞ்சம் கொஞ்சமாகக் கூச்சப்பட்டுக்கொண்டு சுருங்கியது. முழுசாக இல்லை, ஆனால் ஒன்பதரைக்கெல்லாம் மணி அடித்தது. சில்வண்டுக்கு வருகை நிறைந்தது.

இறுதித் தேர்வின் மணி மட்டும் ஸ்கேல் அம்மாவின் கையில் இல்லை. மாநிலம் முழுக்க ஒரே நேரத்தில், ஒன்பதுக்கு அடிக்க வேண்டிய மணி அது. அடித்த பின் வருகிறவர்களுக்கு இடமில்லை. ஒரு தெருவுக்காக லட்சக்கணக்கான பிள்ளைகளை நிறுத்தி வைக்க முடியுமா என்று தலைமையகம் கேட்டது. கேட்டது நியாயம்தான் என்று அவருக்கே பட்டது. சில்வண்டையும் கூடப் படித்தவர்களையும் முன்தினமே மேட்டுத் தெருவில் தங்க வைக்கலாம் என்று பார்த்தார்கள். ஆனால் சூளை முதலாளி அன்று ராத்திரி வெகுநேரம்வரை யாரையும் விடவில்லை, பிள்ளைகளும் கல் அடுக்கினார்கள். தேர்வு நாளில் சில்வண்டின் அம்மாவும் ஸ்கேல் அம்மாவும் இருட்டோடு இருட்டாகப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார்கள். சுருங்கிக் கிடந்த பாதை அன்று பழைய கணக்கையெல்லாம் தீர்த்துக்கொள்வதுபோல் நீண்டது. காய்ந்த ஆறு ஒன்று வந்தது. எதிரே வரக் கிளம்பிய மேட்டுத் தெருக்காரர்கள் அக்கரையில் புள்ளியாகத் தெரிந்து மறைந்தார்கள். மனித வாசனையே இல்லாத பொட்டல் வந்தது. ஸ்கேல் அம்மாவின் கைக்கடிகாரத்தில் ஒன்பது தாண்டியது. எத்தனை மேலதிகாரிகள் முன்னால் நின்றும் கலங்காத அந்த மனுஷி நடுரோட்டில் உட்கார்ந்து குமுறி அழுதார்.

"நான் உன்னை நம்ப வச்சு ஏமாத்திட்டேன்டி."

"அழாதீங்கம்மா. எழுந்து நடங்க" என்றாள் சில்வண்டு. "அழுதா ரோடு இன்னும் நீளும், நாங்க எத்தனையோ தடவை பார்த்திருக்கோம்."

சில்வண்டின் அம்மா தான் தூக்கி வந்த தண்ணீரை அவருக்குக் குடிக்கக் கொடுத்துக் கைத்தாங்கலாக எழுப்பி விட்டாள். எல்லாரும் மறுபடி நடந்தார்கள்.

பள்ளிக்கூடத்தில் ஒன்பதானதும் உதவியாளர் மணியாகத் தொங்கிய தண்டவாளத் துண்டை இரும்புக் கம்பியால் ஓங்கி அடித்தார். சத்தம் வரவில்லை. மறுபடி அடித்தார், தலையணையில் அடித்த மாதிரி இருந்தது. தலைமையாசிரியர் கம்பியைப் பிடுங்கித் தானே அடித்துப் பார்த்தார். பக்கத்து ஊரில் மின்சார மணியை அழுத்தினார்கள், அதுவும் ஊமையாகக் கிடந்தது. விசில் ஊதியவர்களுக்கு வெறும் காற்றுதான் வந்தது. தலைமையகத்தின் தொலைபேசிகள் மட்டும் ஓயாமல் ஒலித்தன. மாநிலத்தில் எந்தப் பள்ளியிலும் மணி அடிக்கவில்லை என்று தெரிந்தது. மணி அடிக்காமல் வினாத்தாள் கட்டைப் பிரிக்கக் கூடாது. அறை அறையாகப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். சிலர் மனப்பாடம் செய்ததை மறுபடி ஓட்டினார்கள், சிலர் தூங்கினார்கள். சூளைத் தெருவைக் கேள்விப்பட்டே இராத ஊர்களிலும் யாராவது ஒருவர் "இன்னும் யார் வரணும்?" என்று கேட்டார்கள், எல்லாரும் வாசலைப் பார்த்தார்கள்.

வெயில் சாய்ந்த பிறகு அவர்கள் வந்தார்கள். சில்வண்டு கேட் அருகே நின்று, கால் வலியால் பின்தங்கிய தோழியைத் தனக்கு முன்னால் உள்ளே விட்டாள். பிறகு தானும் காலெடுத்து வைத்தாள். யாரும் தொடாமல் தண்டவாளத் துண்டு கணீரென்று அடித்தது. மாநிலம் முழுக்க எல்லா மணிகளும் அந்த நொடியில் அடித்தன. அறைக் கண்காணிப்பாளர் காலையிலிருந்து பசியோடு நிற்பவர், எரிச்சல்காரர் என்று பெயர் வாங்கியவர். அவர் சில்வண்டைப் பார்த்து, "ஏம்மா இவ்வளவு நேரம்?" என்றார்.

"நடந்து வந்தோம் சார்."

"சரி, உட்காரு. முதல்ல தண்ணி குடி. மூச்சு வாங்குறது நின்னதும் எழுதலாம்."

விசாரணை நடந்தது. மணிகளைக் கொல்லர்களும் மின்பணியாளர்களும் பிரித்துப் பார்த்து ஒரு பழுதும் இல்லை என்றார்கள். சில்வண்டு தேறினாள், கணக்கில் மயிரிழையில் தப்பினாள். ஸ்கேல் அம்மா ஒரு வாரம் ஊரெல்லாம் அதையே சொல்லித் திரிந்தார், கணவர் கடைக்கு வந்தவர்களையெல்லாம் பிடித்து வைத்துச் சொன்னார். மறு வருடத் தேர்விலும் மணி அடிக்கவில்லை. அந்தத் தடவை காத்திருந்தது சூளைத் தெருவுக்காக அல்ல, வேறு மூலையில் வேறொரு தெருவுக்காக. எல்லா ஊரிலும் அப்படி ஒரு தெரு இருப்பது இப்படித்தான் வெளியே வந்தது. எந்தப் பள்ளிக்காக மணி அதிகம் தாமதிக்கிறதோ அங்கேதான் முதலில் பணமும் ஆசிரியர்களும் பஸ்ஸும் போக வேண்டும் என்று தலைமையகம் முடிவு செய்தது. அதைவிடச் சுலபமாக அளக்க வேறு வழி அதற்கும் தெரியவில்லை. இப்போது தேர்வு அட்டவணையில் நேரம் என்ற கட்டமே கிடையாது. பெற்றோர் மதியச் சாப்பாட்டையும் சேர்த்தே கட்டிக் கொடுத்து அனுப்புகிறார்கள். ஒன்பது தாண்டியும் மணிச் சத்தம் கேட்கவில்லை என்றால் கடைத்தெருவில் யாரும் பதறுவதில்லை. "யாரோ வந்துட்டிருக்காங்க" என்று சொல்லிவிட்டுத் தங்கள் வேலையைப் பார்க்கிறார்கள்.