ஓரகத்தியின் கிருமிகள்

பஸ் ஓட்டுகிற பெண்ணுக்கு வயிறு போனால் பிழைப்பும் போச்சு. பயணிகளை நடுரோட்டில் உட்கார வைத்துவிட்டு, "இதோ வந்துடறேன்" என்று எத்தனை தடவைதான் இறங்கி ஓடுவாள்? குணமான பிறகு ஸ்டியரிங்கைத் தொட்டால் போதும் என்று டெப்போவில் ஓட்டுநரம்மாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

எல்லாம் ஒரு பல்வலியில் வந்த வினை. அதற்குத் தின்ற ஆன்டிபயாடிக் மாத்திரை பல்லில் இருந்த கிருமியோடு, குடலில் தம் பாட்டுக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்த நல்ல கிருமிகளையும் தீர்த்துக்கட்டியது. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதை. காலியான இடத்தில் ஒரு ரவுடிக் கிருமி குடியேறிவிட்டது. மருந்து கொடுத்தால் பதுங்கும், நிறுத்தினால் பாயும். கடைசியில் டாக்டர், ஆரோக்கியமான ஒருவருடைய மலத்தை வடிகட்டிக் குடலுக்குள் விட்டால், அதிலிருக்கிற நல்லவர்கள் ரவுடியை விரட்டுவார்கள் என்றார்.

யார் தருவது? புருஷன் தும்மினாலே ஆன்டிபயாடிக் விழுங்குகிற ஆசாமி, வாசலோடு அனுப்பிவிட்டார்கள். கொழுந்தனுக்கு ஏற்கெனவே ஆயிரம் வியாதி. எல்லாப் பரிசோதனையிலும் தேறிய ஒரே ஆள் கொழுந்தன் பெண்டாட்டி.

அவளோடுதான் பேச்சுவார்த்தையே இல்லை. அந்த வீட்டில் நாய் சோபாவில் படுக்கும், மனுஷர்கள் மிச்ச இடத்தில் உட்காருவார்கள். ஒருநாள் சொந்தபந்தம் கூடியிருந்த இடத்தில் ஓட்டுநரம்மா, அந்த வீட்டில் கழுவின தட்டைவிட எச்சில் தட்டே சுத்தம் என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து ஓரகத்தி அவள் போனை எடுப்பதில்லை. ஆனாலும் விஷயம் கேள்விப்பட்டதும், முகவாயைத் தோளில் இடித்துக்கொண்டாவது, தருகிறேன் என்று கொழுந்தனிடம் சொல்லி அனுப்பியிருந்தாள்.

கொடுப்பதற்கு முதல் நாள் கொழுந்தன் போன் செய்தான். வீட்டில் மிச்சமிருந்த ஆன்டிபயாடிக் மாத்திரையை அவள் எடுத்து வைத்திருக்கிறாளாம். சாப்பிட்டதும் போடப்போகிறாளாம். "நான் சொன்னா எங்க கேக்குறா, அண்ணி?"

ரெண்டு தெரு தள்ளித்தான் வீடு. ஓட்டுநரம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். உள்ளே நுழைந்தவள் மாத்திரையைப் பிடுங்கவில்லை, அதற்கெல்லாம் வயிறு நேரம் தரவில்லை. நேரே கக்கூஸுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டாள்.

கதவுக்கு வெளியே ஓரகத்தி வந்து நின்றாள். "எங்க வீட்டு கக்கூஸ் உங்களுக்கு ஒத்துக்குமாக்கா?"

"மாத்திரையப் போட்டுட்டியா?"

"கையிலதான் இருக்கு. குடுக்கறது சுத்தமா இருக்க வேணாமா? இத்தனை மாசத்துல ஆன்டிபயாடிக் ஒண்ணுகூடப் போடலையான்னு அந்த டாக்டரே குத்திக் காட்டுறாரு. நீங்க சொல்லிக்குடுத்துதான கேட்டாரு?"

"அடிப்பாவி, போடாததாலதான்டி உன்னைச் சேத்துக்கிட்டாங்க. அதைப் போட்டா உள்ள இருக்கறது பூரா செத்துரும். அப்புறம் உன் வயித்துக்கும் என் வயித்துக்கும் வித்தியாசமே இருக்காது."

உட்கார்ந்திருந்த கோலத்தில் கௌரவம் என்று ஒன்று பாக்கியில்லை என்பது ஓட்டுநரம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

"அன்னிக்கு அத்தனை பேர் முன்னாடி நான் பேசினது தப்பும்மா. எனக்கு மறுபடி பஸ் ஓட்டணும். உன்கிட்ட இருக்கறதை இருக்கறபடியே குடு. ஒண்ணையும் கழுவாத."

"இதையும் அத்தனை பேர் முன்னாடி சொல்வீங்களா?"

"மைக் வெச்சுச் சொல்றேன். இங்க சோப்பு எங்க இருக்கு?"

"தேடுங்க. எங்கேயாவது இருக்கும்."

ஆனால் மாத்திரை குப்பைக்கூடையில் விழுகிற சத்தம் கேட்டது.

மறுநாள் ஓரகத்தி கொடுத்தாள், ஆஸ்பத்திரியில் உள்ளே விட்டார்கள். ரவுடி நடையைக் கட்டினான். ஓட்டுநரம்மா இப்போது கடைசி நிறுத்தம்வரைக்கும் நிம்மதியாக ஓட்டுகிறாள். ஒரே தொல்லை, அங்கே போய் வண்டியை நிறுத்தியதும் தினம் தவறாமல் போன் வந்துவிடுகிறது.

"எம் பசங்க எப்படிக்கா இருக்காங்க?"

"உன்னை மாதிரியேதான். வாய் கொஞ்சம் ஜாஸ்தி, வேலையில குறை சொல்ல முடியல."