மஞ்சள் வைக்காத மாக்ஸி

ஊசி முறிந்துவிட்டது.

கமலாக்ஷி மிதித்த மிதியில் தையல் மிஷின் ஒரு குலுக்குக் குலுக்கி, ‘டிக்’கென்று நின்றது. மாக்ஸியின் இடது கை ஓரம் இன்னும் மடித்து அடிக்கவில்லை. வெளியே மட்டாஞ்சேரித் துறையில் படகு சங்கு ஊதிவிட்டது. அந்தப் படகில் அனந்தலக்ஷ்மி வருகிறாள்.

அனந்தலக்ஷ்மி, கமலாக்ஷியின் புருஷன் ராமபத்ரனுக்கு அக்கா. பாலக்காட்டு வாசம். யார் என்ன உடுத்தலாம் என்பதில் அவள் சொன்னால் சொன்னதுதான். குடும்பத்தில் அதற்கு அப்பீல் கிடையாது. போன மாதம் ஒரு கல்யாணத்தில் மாக்ஸி போட்டுக்கொண்டு பந்திக்கு வந்த பெண்ணை, “போர்வைக்குக் கை வெச்சாப்பல இது என்னடீ கோலம்?” என்று கேட்டு அழ வைத்தே அனுப்பினாள். பக்கத்து இலையில் இருந்த கமலாக்ஷி அப்புறம் பாயசத்தைத் தொடவே இல்லை.

மாக்ஸிக்கான துணி அப்போதே அவள் பீரோவில் இருந்தது.

வைகாசிப் பாதியில் தொடங்கும் எடவப்பாதி மழை பிடித்துவிட்டால் கொச்சியில் எந்தத் துணியும் உலராது. போன வருஷம் முழங்கால் வரை நனைந்த புடவையோடு கிணற்றடிக்கும் அடுப்பங்கரைக்கும் நடந்து நடந்து, காலெல்லாம் அரிப்பு, விரலிடுக்கெல்லாம் சேற்றுப்புண். புடவை பாதி காய்வதற்குள் அடுத்த மழை. இந்த மழைக்காலத்தையாவது உலர்ந்த உடம்போடு கழிக்க வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

யூதத் தெருவில் ஒரு வீட்டு வாசலில் தொளதொளவென்று கவுன் போட்டுக்கொண்டு நின்ற அம்மாளைப் பார்த்துத்தான் யோசனையே வந்தது. குஜராத்திக் கடையில் பச்சையில் வெள்ளைப் பூப்போட்ட மெல்லிய பருத்தி கிடைத்தது. தண்ணீரில் ஊறப் போட்டு, சுருங்க வேண்டியதைச் சுருங்கவிட்டு, பிறகுதான் கத்தரி வைத்தாள். அக்குளில் தாராளம். மார்புக்குக் கீழே சுருக்கு. சேறு தொடாமல் கணுக்காலுக்கு ஒரு சாண் மேலேயே முடிவு. வலது பக்கம் ஒரு பாக்கெட். பாக்கெட்! கல்யாணமான நாள் முதல் இடுப்பிலிருந்து நழுவி நழுவி விழுந்த ஸ்டோர் ரூம் சாவிக்கு ஒரு வழியாக இடம் கிடைத்தது.

“அக்கா, பாத்து! படி வழுக்கும்!” வாசலில் ராமபத்ரனின் குரல், தேவைக்கு மேல் சத்தமாகக் கேட்டது. அது அக்காவுக்குச் சொன்னதல்ல என்பது கமலாக்ஷிக்குத் தெரியும்.

கைஊசியால் நாலு இழை ஓட்டினாள். நூலைப் பல்லால் கடித்தாள். மாக்ஸியைச் சுருட்டி அரிசி டின்னுக்குப் பின்னால் தள்ளினாள். அந்தக் குடும்பத்தில் புதுத்துணி என்றால் ஓரத்தில் மஞ்சள் தொட்டு வைக்காமல் யாரும் உடுத்துவதில்லை. மஞ்சள் டப்பாவைத் தேட இப்போது நேரம் ஏது?

அனந்தலக்ஷ்மி உள்ளே வந்தாள். பின்னாலேயே இரும்புப் பெட்டியைச் சுமந்துகொண்டு தம்பி.

“என்ன கமலா, இப்படி மூச்சு வாங்கறது?”

“அடுப்பு ஊதிண்டிருந்தேன் அக்கா.”

“அடுப்பு ஊதினா தோள்ல பச்சை நூல் ஒட்டுமோ?”

கமலாக்ஷி தோளைத் தட்டிக்கொண்டாள். நல்லவேளை, அக்கா மேலே தோண்டவில்லை. அவளுக்கு வேறு ஏதோ அவசரம்.

“நீளமா ஒரு கயிறு இருந்தா குடு.”

“கயிறா? எதுக்கு அக்கா?”

“பெட்டிக்குப் பூட்டு சரியில்லை. கட்டி வெக்கணுமாக்கும்.”

பெட்டியில் தொங்கிய பூட்டு மாங்காய் அளவுக்குக் கெட்டியாக இருந்தது. கமலாக்ஷி கயிற்றை எடுத்துக் கொடுத்தாள்.

அன்றைக்கே மழை பிடித்தது. சாப்பாடானதும் அக்கா அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டாள், சாயங்காலம்தான் திறந்தாள். மறுநாளும் அப்படியே. “என் துணியை நானே அலசிப்பேன். நீ தொடாண்டாம்” என்று உத்தரவு வேறு. மடி ஆசாரமாக இருக்கும் என்று கமலாக்ஷி நினைத்துக்கொண்டாள். கதவிடுக்கில் மட்டும் ஒரு பூஞ்சை வாசம்.

அவளுக்கு அதுவே சௌகரியமாகப் போயிற்று. உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டதும் இவள் ஸ்டோர் ரூமில் புகுந்து மாக்ஸிக்கு மாறிவிடுவாள். ஆஹா! கால்கள் இரண்டும் தனித்தனியாக மூச்சுவிட்டன. குனிந்தால் தடுக்கவில்லை, நிமிர்ந்தால் இழுக்கவில்லை. சாயங்காலம் அலசி, அடுப்புக்கு மேல் கொடியில் போட்டு, அதன் மேல் ஒரு பழைய வேட்டியை விரித்து மறைத்துவிட்டால் காலையில் மொறுமொறுவென்று உலர்ந்திருக்கும்.

ஒரு நாள் காலையில் வேட்டி இருந்தது, மாக்ஸி இல்லை.

களவு போய்விட்டது என்று கத்தவும் முடியாது. என்ன களவு போயிற்று என்று கேட்டால் என்ன சொல்வாள்? முதலில் ராமபத்ரனைப் பிடித்தாள்.

“ஏன்னா, எங்கே ஒளிச்சு வெச்சேள்?”

“நானா? அக்கா இருக்கறச்சே அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவே எனக்கு பயம். நீ வேற!” என்று குடையை எடுத்துக்கொண்டு, தான் வேலை பார்க்கும் மிளகுக் கிடங்குக்கு ஓடியே போனான்.

அடுத்தது பாத்திரம் தேய்க்க வரும் பேச்சியம்மாள்.

“பேச்சி, கொடியில ஒரு துணி கண்டியா?” என்றாள் மெல்ல.

“பூப்போட்டதா? நேத்துப் பாத்தேனே. தலகாணி உறைன்னுல்லா நெனச்சேன்! ஆனை தலை வைக்கிற தலகாணி போலன்னு...”

“ஷ்! மெள்ளப் பேசு.”

“எனக்கெதுக்கும்மா அது? அதுக்குள்ள என்னையும் எம் புள்ளையளையும் போட்டு மூட்டையா கட்டலாம்!”

அன்று பூராவும் புடவை காலைச் சுற்றியது. விரலிடுக்கில் பழைய அரிப்பு எட்டிப் பார்த்தது. கமலாக்ஷிக்கு அழுகை வந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது.

மறுநாள் அடைமழை. பேச்சியம்மாள் வரவே இல்லை. ராமபத்ரன் காப்பி குடித்துவிட்டு நேரே கிளம்பினான். கமலாக்ஷி குளித்துவிட்டு அடுப்பங்கரைக்குள் வந்தால், கொடியில் மாக்ஸி! உலர்ந்து, நாலாக மடித்து, வேட்டிக்கு அடியில் பத்திரமாக.

பிரித்துப் பார்த்தாள். கிழிசல் இல்லை, கறை இல்லை. கழுத்தின் உள்பக்கம் மட்டும், விரல் நுனி அளவுக்கு ஒரு மஞ்சள் தீற்று.

அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். ராமபத்ரனுக்கு மஞ்சள் டப்பா எந்த அலமாரியில் இருக்கிறது என்பதுகூடத் தெரியாது. பேச்சியம்மாள் இன்று படியேறவே இல்லை. மீதி இருப்பது ஒரே ஒரு ஆள்.

புடவையை அவிழ்த்து எறிந்தாள். மாக்ஸியைப் போட்டுக்கொண்டாள். காப்பி டம்ளரோடு நேரே போய் அந்தக் கதவைத் தட்டினாள்.

“அக்கா, காப்பி.”

“வெச்சுட்டுப் போ.”

“ஆறிடும்.”

கதவு ஒரு சாண் திறந்தது. ஈரப் புடவையில் அனந்தலக்ஷ்மி. அவள் பார்வை கமலாக்ஷியின் தலையிலிருந்து கால் வரை போய், கழுத்துக்கு வந்து நின்றது.

“இந்த மஞ்சள் நீங்க வெச்சதுதானே அக்கா?”

“பின்னே? மஞ்சள் வெக்காத புதுசை எப்படிடீ உடுத்திக்கறது?” என்றாள் அக்கா, பட்டென்று.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது.

“உடுத்திண்டேளா?”

ஒரு கை நீண்டு கமலாக்ஷியை உள்ளே இழுத்தது. தாழ்ப்பாள் விழுந்தது.

ஜன்னல் கம்பியிலிருந்து எதிர்ச் சுவர் ஆணி வரைக்கும் அந்தக் கயிறு கட்டியிருந்தது. அதில் வரிசையாக மாக்ஸிகள். ஊதா, காவி, கட்டம் போட்டது, புள்ளி போட்டது. எல்லாம் சொட்டுச் சொட்டாக வடிந்துகொண்டிருந்தன. இரும்புப் பெட்டி ஆவென்று திறந்து காலியாகக் கிடந்தது.

“ஒண்ணு கூட ஒணங்கலை கேட்டியா” என்றாள் அனந்தலக்ஷ்மி, குழந்தை போல. “வெளியில போட்டா நீ பார்த்துடுவே. ராத்திரியெல்லாம் ஈரப் புடவை. உன்னோடது அடுப்பு மேல மொறுமொறுன்னு தொங்கித்து. மனசு கேக்கலைடீ.”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லப்படாதோ?”

“நான் உன் நாத்தனார். நானா முதல்ல சொல்றது?” என்று நிமிர்ந்தாள். பிறகு குரலை இறக்கி, “நீ வெட்டின கழுத்து சித்தே சின்னதாப் போயிடுத்து, தலை நுழையறதுக்குள்ள பாடாப் போறது. ஆனா அந்தப் பாக்கெட் இருக்கே... இத்தனை தைச்சும் அது எனக்குத் தோணலையே!”

கமலாக்ஷி கயிற்றில் தொங்கியதை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். ஒரே கையின் தையல். கோணாத, நெருக்கமான, வருஷக்கணக்காகப் பழகிய தையல். கட்டம் போட்ட மாக்ஸியிடம் வந்ததும் அவள் கை நின்றது. இதே சுருக்கு. இதே கைமடிப்பு. இதை அவள் பார்த்திருக்கிறாள். ஒரு பந்தியில், தன் பக்கத்து இலையருகே, அழுதுகொண்டு நின்ற ஒரு பெண்ணின் மேல்.

“அக்கா... அந்தக் கல்யாணத்துல ஒரு பொண்ணை அழ வெச்சேளே?”

அனந்தலக்ஷ்மி காப்பியை ஒரு வாய் குடித்தாள்.

“அழ வெக்காம? ஆத்துக்குள்ள மாத்திரம் உடுத்திக்கோன்னு ஆயிரம் தரம் சொல்லித் தைச்சுக் குடுத்தேன். அசடு, அதை மாட்டிண்டு பந்திக்கே வந்துட்டா!”