மறைத்து வைத்த எட்டுப் பட்டைகள்

பஸ் இரண்டாவது நிறுத்தத்தைத் தாண்டும்போதே எனக்குள் ஏதோ அரிக்க ஆரம்பித்துவிட்டது. அடுப்பை அணைத்தேனா? அணைத்தேன். கதவைப் பூட்டினேனா? பூட்டிவிட்டு இரண்டு தடவை இழுத்துப் பார்த்ததும் நினைவிருக்கிறது. பைக்குள் கையை விட்டுச் சாவி, குடை, சாப்பாட்டு டப்பா என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். எல்லாம் இருந்தன. ஆனாலும் எதையோ செய்யாமல் விட்டிருக்கிறேன்.

அன்று மாலை ஆறு மணிக்கு அக்காவின் நாடகம். அவளே எழுதி, அவளே நடிக்கும் முதல் நாடகம். ஓர் ஆஸ்பத்திரியின் காத்திருப்பு அறை. ஒரு பெண், ஒரு காவலாளி, சுவரில் ஒரு கடிகாரம். உள்ளே ஆபரேஷன் நடக்கிறது. யாருக்கு என்று கடைசிவரை சொல்வதில்லை. ஒன்றேகால் மணி நேரமும் கடிகாரம் 6:15 என்றே காட்டிக்கொண்டிருக்கும். முடிவில் அந்தப் பெண் அதை நிமிர்ந்து பார்த்து, “இன்னும் ஒரு நிமிஷம்கூட ஆகலை” என்பாள். விளக்கு அணையும். அந்த ஒரு வரிக்காகத்தான் மொத்த நாடகமும்.

கடிகாரம் என் பொறுப்பு.

“மாத்திரை டப்பாவுக்கு லேபிள் வரையறவளுக்கு மூணு நம்பர் வரைய வராதா?” என்று கேட்டிருந்தாள் அக்கா.

“வரும்.”

“வரும்னு சொல்லிட்டு வானத்தைப் பார்த்துட்டு உட்காந்துடாத. வெளியில குடுக்கலாம்னுதான் எல்லாரும் சொன்னாங்க. நான்தான் என் தங்கச்சி செய்வான்னு அடிச்சுச் சொல்லியிருக்கேன். மானத்தை வாங்கிடாதடீ.”

அவள் பயத்துக்குக் காரணம் இருந்தது. அவளுடைய பரீட்சை ஹால் டிக்கெட்டைப் பக்க அடையாளமாக வைத்துப் புத்தகத்தை நூலகத்தில் திருப்பிக் கொடுத்தவள் நான். பன்னிரண்டு வருஷமாகியும் அந்தக் கதையை அவள் விடவில்லை.

அதனால் இந்தத் தடவை ஒழுங்காகத்தான் செய்தேன். கம்ப்யூட்டரில் டிஜிட்டல் எண்ணை வரைவது பார்ப்பதற்குத்தான் சுலபம். முதலில் ஒரே ஒரு பட்டை: நீளமான செவ்வகம், இரண்டு முனையும் பென்சில் சீவியது மாதிரி கூர்மை. அதைப் பிரதி எடுத்துப் படுக்கையாக மூன்று, நிறுத்தி வைத்து நான்கு. மொத்தம் ஏழு. பட்டைக்கும் பட்டைக்கும் நடுவே மயிரிழை இடைவெளி. எட்டு வந்துவிடும். எட்டு வந்துவிட்டால் எல்லா எண்ணும் வந்த மாதிரிதான். வேண்டாத பட்டைகளை எடுக்க வேண்டியதுதான் பாக்கி.

எடுப்பதில்தான் தலைவலி. அக்கா முதலில் 4:40 என்றாள். பிறகு, “நாலு மணிக்கு எவளும் அப்படி உட்காந்திருக்க மாட்டா, 5:05 போடு” என்றாள். பிறகு 6:15. ஒவ்வொரு தடவையும் அழித்துவிட்டு மறுபடி வரைய அலுப்பாக இருந்ததால், மூன்று எட்டுகளை அப்படியே வைத்துக்கொண்டு வேண்டாத பட்டைகளின் நிறத்தை மட்டும் எடுத்துவிட்டேன். நாளைக்கே அவள் மனம் மாறினால் நிறத்தைத் திருப்பிக் கொடுத்தால் போதும். என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அந்த ஃபைலை முந்தின நாள் சாயங்காலம் லேசரால் வெட்டும் கடைக்கு அனுப்பினேன். மேசை அளவு கறுப்பு அக்ரிலிக் பலகையில் கடைக்காரர் பட்டைகளை ஓட்டையாக வெட்டித் தருவார். பின்னால் சிவப்புக் காகிதம் ஒட்டி விளக்கைப் போட்டால் எண்கள் எரியும்.

ஆபீசில் இருப்புக் கொள்ளவில்லை. இருமல் மருந்து லேபிளில் ஒரே வரியை மூன்று தடவை நகர்த்தி, மூன்று தடவையும் பழைய இடத்திலேயே வைத்தேன். தண்ணீர் குடிக்க எழுந்தேன், குடிக்காமல் திரும்பினேன். பக்கத்து நாற்காலிக்காரி, “நாற்காலியில முள்ளா இருக்கு?” என்றாள். மத்தியானம் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டே கடிகார ஃபைலையும் திறந்தேன். 6:15 அழகாக இருந்தது. சும்மா, எல்லாவற்றையும் ஒன்றாகத் தேர்வு செய்யும் பொத்தானை அழுத்தினேன்.

நீலக் கோடுகள் எழுந்தன. நிறமுள்ள பட்டையைச் சுற்றியும், நிறமில்லாத பட்டையைச் சுற்றியும்.

8:88.

திறந்த டப்பாவை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். கடைக்காரர் போனை எடுக்கவில்லை. சிக்னலில் நின்ற ஆட்டோவுக்குள் என் கால் இல்லாத பிரேக்கையும் இல்லாத ஆக்ஸிலேட்டரையும் மாற்றி மாற்றி மிதித்துக்கொண்டிருந்தது.

பலகை கடை வாசலில் சாய்ந்து நின்றது. மூன்று எட்டுகள், நடுவில் இரண்டு புள்ளிகள். வெட்டு மட்டும் கத்தியால் வெண்ணெயை அறுத்தது போல அவ்வளவு சுத்தம்.

“அண்ணே, நான் அனுப்பினது ஆறு பதினஞ்சு.”

“படத்துல ஆறு பதினஞ்சு இருந்திருக்கலாம்மா. மெஷினுக்குக் கண்ணு கிடையாதே. கலர் இருக்கா இல்லையான்னு அது பார்க்காது. கோடு இருந்தா வெட்டும்.”

“வேற பலகை?”

“இந்த அளவுல இது ஒண்ணுதான் இருந்துச்சு. அடுத்தது நாளன்னைக்கு வரும்.” என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு கறுப்பு டேப் சுருளை எடுத்து நீட்டினார். “பின்னால ஒட்டிப் பாரு. ஒண்ணும் ஆகாது.”

ஒண்ணும் ஆகாது என்று யாராவது சொன்னாலே ஏதோ ஆகப்போகிறது என்றுதான் எனக்குத் தோன்றும்.

அரங்கத்துக்குப் பின்னால், உடைந்த நாற்காலிகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்து ஒட்டினேன். ஆறுக்கு ஒரு பட்டை, ஒன்றுக்கு ஐந்து, ஐந்துக்கு இரண்டு. மொத்தம் எட்டு. காவலாளியாக நடிக்கும் மொட்டை, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்து எட்டிப் பார்த்தான். முடி நிறைய இருந்த காலத்திலேயே அவனுக்கு அந்தப் பெயர்.

“என்ன, கடிகாரத்துக்கு அடிபட்டுடுச்சா? கட்டுப் போடற?”

“அக்காகிட்ட சொல்லிடாத. கெஞ்சிக் கேக்கறேன்.”

“உங்கக்காகிட்ட நான் வசனமே பயந்து பயந்துதான் சொல்றேன். இதை வேற சொல்லப்போறேனா?”

விளக்கைப் போட்டுப் பார்த்தபோது 6:15 குறையில்லாமல் எரிந்தது. முகத்தில் பாதி பவுடரோடு வந்த அக்கா, தூர நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

“பரவாயில்லையே,” என்றாள். அவள் வாயிலிருந்து அது வந்ததே பெரிது. சொல்லிவிடலாமா என்று வாயைத் திறந்தேன். அதற்குள் போய்விட்டாள்.

மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து நான் பார்த்தது நாடகத்தை அல்ல, ஐந்தை. அரை மணி நேரத்தில் அதன் இடது பக்கம், கீழே, ஊசி முனை அளவு சிவப்பு தெரிந்தது. விளக்கின் சூட்டில் டேப்பின் பசை இளகுகிறது. எழுந்து மேடைக்குப் பின்னால் போகலாம் என்றால் அந்தப் பக்கத்துக் கதவை உள்ளிருந்து பூட்டியிருந்தார்கள். போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். பக்கத்தில் இருந்தவர் காலை மடக்கி வழிவிட்டார். மறுபடி எழுந்தேன். “உட்காரும்மா,” என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு. உட்கார்ந்தேன். ஊசி முனை மிளகானது. மிளகு விரல் நகமானது. விழாதே, விழாதே என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கடைசிக் காட்சி. காவலாளி ஒரு தம்ளர் தண்ணீரை நீட்ட, அக்கா வேண்டாம் என்று தலையசைத்துவிட்டுக் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

“இன்னும் ஒரு நிமிஷம்கூட...”

டேப் விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை. ஐந்து, ஆறாகிவிட்டது. 6:16.

பின் வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அக்காவின் வாய் பாதி திறந்தபடி நின்றது. அவளுக்கு வசனம் மறந்து நான் பார்த்ததே இல்லை. வெட்கத்தில் என் காது எரிந்தது. விளக்குக்காரருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை போலிருக்கிறது, மேடை வெளிச்சம் அப்படியே இருந்தது.

மொட்டைதான் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, மெதுவாக, “ஆயிடுச்சும்மா. பாருங்க,” என்றான்.

அக்கா பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். களுக் சிரிப்பு எப்போதோ நின்றுவிட்டது. பிறகு, நாடகம் முழுக்க மடியிலேயே வைத்திருந்த பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்து, ஆபரேஷன் அறைக் கதவைத் தட்டாமலே திறந்துகொண்டு உள்ளே போனாள். எழுதியதில் அந்தக் கதவு திறப்பதே இல்லை. அது வெறும் அட்டை. அதற்கு அப்பால் தண்ணீர்க் கேனும் துடைப்பமும்தான் இருந்தன. ஆனாலும் அவள் போன பிறகும் நான் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கைதட்டல் அடங்கியதும் உள்ளே ஓடினேன். அக்கா பலகைக்குப் பின்னால் குனிந்து, மிச்சமிருந்த ஏழு டேப்புகளையும் விரலால் எண்ணிக்கொண்டிருந்தாள்.

“யாரு ஒட்டினது?”

“நான்தான். பட்டைகளை அழிக்காம மறைச்சு மட்டும் வெச்சுட்டேன். மெஷின் எல்லாத்தையும் வெட்டிடுச்சு.”

“எப்ப தெரியும்?”

“மத்தியானம்.”

“மத்தியானமே தெரிஞ்சும் சொல்லலை.” பஞ்சால் நெற்றியை அழுத்தித் துடைத்தாள். “மேடையில நின்னப்ப எனக்கு வசனமே வரலை, தெரியுமா? ஹால் டிக்கெட்டே பரவாயில்லைடீ.”

மொட்டை கதவோரமாக நின்று, ஷூ லேஸில் என்றுமில்லாத அக்கறை காட்டினான்.

அக்கா தரையில் விழுந்து கிடந்த டேப்பை எடுத்து, இரண்டு விரலுக்கு நடுவே ஒட்டிப் பிரித்து, ஒட்டிப் பிரித்துப் பார்த்தாள்.

“நாளைக்கு ஷோவிலயும் இதே நேரத்துக்கு விழுமா?”

“அது எப்படிக்கா சொல்ல முடியும்? சூட்டைப் பொறுத்தது. முன்னாடியே விழலாம். விழாமலேயே கூட இருக்கலாம்.”

“அப்ப ஒழுங்கா அழுத்தி ஒட்டிடு.”

சுருளை எடுத்தேன். முனையைக் கிழித்தேன். ஐந்தின் மேல் வைக்கப்போனபோது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“இரு. ரொம்ப அழுத்தாத.”

நாளைக்கு அந்த மூன்றாவது வரிசையில் நான் எப்படி உட்காரப்போகிறேன் என்று யோசித்துக்கொண்டே, பசை முழுக்கப் பிடிக்காதபடி டேப்பின் ஒரு மூலையை மட்டும் மடித்துவிட்டேன்.