முதல் வரியில் தாரிங்கா

1

இந்தக் கதை ஒரு பட்டியலிலிருந்து வந்தது. மனித மனத்தைக் கூர்ந்து பார்த்தெல்லாம் வரவில்லை, அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எங்கள் சின்ன நாட்டின் தலைநகரான பொத்கோரிட்சாவில் எங்கள் தொலைக்காட்சி நிலையத்தில் அறிவிப்பாளருக்கு வசனம் எழுதிக் கொடுப்பது என் வேலை. மே மாதம் வந்தால் ஒருத்தி திரையில் தோன்றி, "வணக்கம், என்ன அருமையான நிகழ்ச்சி! எங்கள் பன்னிரண்டு புள்ளிகள்..." என்று பல்லைக் காட்டுவாள். அந்தப் பல்லுக்குப் பின்னால் இருக்கும் எழுத்து என்னுடையது. அதற்காக எதையோ தேடிக்கொண்டிருந்தபோது, கண்டப் பாட்டுப் போட்டியின் வரலாற்றிலேயே அதிகப் புள்ளி வாங்கிய பாட்டுகளின் பட்டியல் கண்ணில் பட்டது. முதல் வரியில் இருந்த நாடு இப்போது உலகப் படத்தில் இல்லை.

(கண்டப் பாட்டுப் போட்டி என்று ஒன்று கிடையாது. நான் கட்டியது. வாசிக்கும்போது உங்களுக்கு வேறொரு போட்டி ஞாபகம் வந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை.)

மொத்தப் புள்ளியை வைத்துப் பார்த்தால் புதிய பாட்டுகள்தான் மேலே நிற்கும். இப்போது ஓட்டுப் போடும் நாடுகள் அதிகம், புள்ளியும் அப்படியே வந்து குவியும். விவரம் தெரிந்தவர்கள் அப்படிக் கணக்குப் பார்ப்பதில்லை. ஒரு நாடு தரக்கூடிய அதிகபட்சமான பன்னிரண்டைத் தராமல் விட்ட நாடுகள் எத்தனை என்பதே அவர்கள் கேள்வி. அந்தக் கணக்கில் முதல் வரி ஒரு பழைய பாட்டுக்கு. ஒரே ஒரு நாட்டைத் தவிர எல்லா நாடுகளும் அதற்குப் பன்னிரண்டு கொடுத்தன. பாடியவள் பெயர் தாரிங்கா.

2

தொடக்கங்கள். எதையும் நான் தூக்கிப் போடவில்லை, பார்த்துக்கொள்ளுங்கள்.

[மொராச்சா ஆறு வெயிலில் மினுமினுத்துக்கொண்டிருந்த அந்த மாலை—]
வேண்டாம். ஆறு மினுமினுத்தால் எனக்கென்ன.

[தாரிங்காவுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. மேடையில் அவள் நின்ற விதத்தைப் பார்த்த ஒரு கண்டமே—]
ஒரு கண்டம் என்ன செய்யும்? மூச்சை அடக்கும். எல்லாக் கதையிலும் அதைத்தானே செய்கிறது. வேண்டாம்.

[வெசெலின் போன் செய்தபோது நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன்.]
இது பரவாயில்லை. போட்டி நாளன்று மதியம். வெசெலின் எங்கள் நாட்டுக் குழுவின் தலைவர், என்னுடைய மேலாளர். போனில் அவர் குரலே சரியில்லை.

"யோவ், உடனே கிளம்பி வா. தாரிங்காக்கா குடியைக் கெடுத்துட்டாங்க."

3

என்ன நடந்தது என்று நேராகச் சொல்லிவிடுகிறேன். மர்மம் வைத்து இழுப்பது எனக்குப் பிடிக்காது.

ஒவ்வொரு நாட்டிலும் ஐந்து நடுவர்கள். முந்தைய நாள் ஒத்திகையைப் பார்த்து இருபத்தாறு பாட்டுகளையும் வரிசைப்படுத்த வேண்டும். ஒன்று என்றால் முதல் இடம், இருபத்தாறு என்றால் கடைசி இடம். எங்கள் ஐவரில் ஒருவர் தாரிங்கா. இந்த வருடம் லித்துவேனியாவிலிருந்து வந்த உக்னே என்ற பெண், முழங்கை கிழிந்த ஸ்வெட்டரோடு மேடையேறி ஒரு பாட்டுப் பாடினாள். எல்லா நாடுகளும் அவளுக்கே பன்னிரண்டு தரப்போகின்றன என்று பந்தயம் கட்டுகிறவர்களும் பத்திரிகைக்காரர்களும் அடித்துச் சொன்னார்கள். அப்படி நடந்தால் முழுப் புள்ளி. வரலாற்றில் யாரும் வாங்காதது. தாரிங்கா இரண்டாம் வரிக்கு இறங்கிவிடுவாள். ஒரே ஒரு நாடு பிசகினாலும் இருவரும் சமம். சமமாக நின்றால் பழைய பாட்டை மேலே போடுவதுதான் வழக்கம்.

தாரிங்கா உக்னேவுக்கு எழுதியிருந்த எண் இருபத்தாறு.

அவள் ஒன்று என்று எழுதியிருந்தது பக்கத்து நாட்டுப் பாட்டுக்கு. அந்தப் பாட்டைப் பற்றி நான் பேச விரும்பவில்லை. மூன்று ஆண்கள், ஒரு ஊஞ்சல், நிறையப் புகை.

இந்த இடத்தில் எங்கள் ஊர் வழக்கம் ஒன்று குறுக்கே வருகிறது.* தாரிங்கா பாடிய காலத்தில் நடுவர்கள் மதிப்பெண்தான் போடுவார்கள். பெரிய எண் என்றால் பெரிய பாட்டு. அந்த நினைப்பில் எழுதியிருந்தால் அவளுடைய இருபத்தாறுதான் முதல் இடம், ஊஞ்சல் பாட்டுக்குப் போட்டது கடைசி இடம். அப்படியென்றால் இது வெறும் கைத்தவறு. ஆனால் பக்கத்து நாட்டுக்கு முதலிடம் கொடுப்பது இங்கே எல்லோரும் செய்வதுதானே? அப்படிப் படித்தால் மொய்யை எழுதிவிட்டு, தன் பாட்டைத் தாண்டப் போகிறவளைக் கீழே அமுக்கிவிட்டாள். நடுவில் இருக்கும் பாட்டுகளை வைத்தும் கண்டுபிடிக்க முடியவில்லை. எந்தப் பக்கம் பிடித்தாலும் அவை நடுவில்தான் இருந்தன.

* பக்கத்து நாட்டுக்குப் பன்னிரண்டு கொடுப்பது எங்களுக்கு மொய் எழுதுவது மாதிரி. பாட்டு நன்றாக இருந்ததா என்று யாரும் கேட்பதில்லை. போன வருடம் அவன் எழுதினானா என்றுதான் கேட்பார்கள். மற்ற நான்கு நடுவர்களும் இந்த வருடம் உக்னேவை முதலில் வைத்து, மொய்யை இரண்டாம் இடத்துக்குத் தள்ளினார்கள். அதற்கே அவர்களுக்கு மனசு குறுகுறுத்திருக்கும். ஐவரின் எண்களையும் கூட்டி, குறைவாக வரும் பாட்டுக்குத்தான் பன்னிரண்டு. தாரிங்காவின் ஓட்டையும் சேர்த்துக் கூட்டினால் எங்கள் பன்னிரண்டு ஊஞ்சலுக்குப் போகிறது.

விதி இதுதான். நடுவர் தானாகப் போன் செய்து திருத்தலாம், மாலை ஆறு மணி வரை. வேறு யாரும் தூண்டக் கூடாது. நாளைக் காலை எந்த நடுவர் யாருக்கு என்ன இடம் கொடுத்தார் என்பது பெயரோடு வெளியாகும். ஊர் அவளைக் கிழித்துவிடும்.

4

எனக்கு இந்தப் பெண்மணிமேல் சந்தேகம் இருக்கிறது. கதாபாத்திரமாகச் சொல்கிறேன். முதலில் எழுதியபோது அவளைத் தள்ளாத வயதுக்காரியாக, எண்ணெல்லாம் குழம்புகிறவளாக எழுதினேன். படிக்கிறவர்கள் "ஐயோ பாவம்" என்று சொல்ல வேண்டும் என்று ஆசை. அடுத்த நாள் படித்துப் பார்த்தபோது எனக்கே எரிச்சலாக வந்தது. அறுபது சொச்சம் வயதில் இங்கே பெண்கள் மலையேறி ஆடு மேய்க்கிறார்கள். அவளை அசடாக்கினால் கதை சுலபமாக முடியும், அவ்வளவுதான். அடித்துவிட்டேன்.

வெசெலின் காரில் எனக்குப் பாடம் நடத்திக்கொண்டே வந்தார்.

"அங்க போய் வாயைத் தொறந்துடாதே. ஓட்டுன்னு சொல்லக் கூடாது, வரிசைன்னு சொல்லக் கூடாது, அந்தப் பொண்ணு பேரையே எடுக்கக் கூடாது. நாம தூண்டினோம்னு ஆச்சுன்னா நம்ம நாட்டு ஓட்டே செல்லாது."

"அப்புறம் எதுக்குண்ணே போறோம்?"

"காப்பி குடிக்க."

தாரிங்கா கதவைத் திறந்து எங்கள் இருவரையும் மேலும் கீழும் பார்த்தாள்.

"என்னடா ஜோடியா வந்திருக்கீங்க? யாராவது செத்துட்டாங்களா?"

"இல்லக்கா, இந்தப் பக்கமா வந்தோம்..."

"இந்தப் பக்கம் சுடுகாடுதான் இருக்கு. உள்ள வாங்க."

காப்பி வந்தது. பொரித்த மாவுருண்டையும் தேனும் வந்தன. வெசெலின் நாற்காலி நுனியில் உட்கார்ந்து வியர்த்துக்கொண்டிருந்தார்.

"தின்னுடா வெசெலின். பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி உக்காந்திருக்கே."

வெசெலின் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார். மென்று முடிப்பதற்குள் அவரால் பொறுக்க முடியவில்லை. "நேத்து கண்ணாடி எடுத்துட்டு வந்திருந்தீங்களாக்கா?"

"எதுக்கு?"

"சும்மாதான். எழுத்து ரொம்பப் பொடியா இருந்துச்சேன்னு..."

"எனக்கு நல்லாத்தான் தெரிஞ்சுது."

நான் மேசைக்கடியில் அவர் காலை மிதித்தேன். அவர் நிறுத்தவில்லை.

"உங்க காலத்துல எப்படிக்கா மார்க் போடுவாங்க?"

தாரிங்கா காப்பிப் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். அவள் முகத்தில் எதுவும் மாறவில்லை.

"எங்க காலத்துல பெரிய நம்பர்தான் பெரிய பாட்டு."

சொல்லிவிட்டு அவர் கோப்பையில் இன்னும் கொஞ்சம் ஊற்றினாள். சுவர்க் கடிகாரத்தில் மணி ஐந்தைத் தாண்டியிருந்தது.

5

நான் எழுதிப் பார்த்த முடிவுகள்:

[தாரிங்கா நெற்றியில் அடித்துக்கொண்டு, "ஐயய்யோ, தலைகீழாப் போட்டுட்டேனே!" என்று போனை நோக்கி ஓடினாள். அன்றிரவு உக்னே மேடையிலிருந்து அவளுக்கு—]
முத்தத்தைப் பறக்கவிட்டாளா? எழுதும்போதே என் காது சூடாகிவிட்டது.

[வெசெலின் தானே எண்ணை மாற்றிவிட்டார்.] இதை எழுதி ஒரு வாரம் வைத்திருந்தேன். வெசெலின் அப்படிச் செய்கிற ஆள் இல்லை. தைரியமும் கிடையாது.

[தாரிங்கா மௌனமாக ஜன்னலைப் பார்த்தாள். ஆறு அடித்தது.] இது இலக்கியமாக இருக்கிறது. ஜன்னலைப் பார்க்கும் பெண் என்றால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். எனக்கே இது பிடித்துப்போய், பத்திரிகைக்கு அனுப்பவும் பார்த்தேன். பிறகுதான் உறைத்தது: அவளைப் பேசவிட எனக்குப் பயம். பேசினால் என்ன சொல்லுவாளோ என்ற பயம்.

சரி, பேசட்டும்.

6

"நீங்க எதுக்கு வந்திருக்கீங்கன்னு தெரியும்டா," என்றாள் தாரிங்கா. "நேத்து வீட்டுக்கு வந்து செருப்பைக் கழட்டும்போதே எனக்கு உறைச்சிருச்சு. ஒண்ணுன்னா மேல, இருபத்தாறுன்னா கீழ. பழைய பழக்கத்துல கை தானா எழுதிருச்சு."

வெசெலின் எழுந்தே நின்றுவிட்டார். "அப்பாடா! அப்ப கைத்தவறுதானே! ஒரு போன் பண்ணுங்கக்கா, முடிஞ்சுது."

"உக்காருடா. முடியல." அவள் கையைத் துடைத்துக்கொண்டாள். "எழுதினது தவறுதான். ஆனா காலையிலேருந்து போனைப் பக்கத்துலயே வச்சுக்கிட்டு எடுக்காம இருக்கேன் பாரு, அது தவறில்ல. அது நான்."

பக்கத்து வீட்டில் யாரோ கம்பளத்தைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"நான் எந்த நாட்டுக்காகப் பாடினேனோ அந்த நாடு போச்சு," என்றாள். "பாஸ்போர்ட்டு போச்சு, கொடி போச்சு. அன்னைக்கு எனக்கு வாசிச்ச ஆறு பேர்ல பாதிப் பேர் இன்னைக்கு ஒருத்தன் மூஞ்சியில ஒருத்தன் முழிக்கிறதில்ல. போர் எல்லாத்தையும் பிரிச்சுப் போட்டிருச்சு. எல்லாரும் ஒண்ணா நின்ன இடம்னு இப்ப மிச்சம் இருக்கிறது அந்தப் பட்டியல்ல முதல் வரி ஒண்ணுதான். போன கிறிஸ்துமஸுக்கு டிரம்ஸ் வாசிச்ச ஸ்லாத்கோ போன் பண்ணினான். பதினஞ்சு வருஷத்துல முதல் தடவை. 'நாம இன்னும் மேலதான் இருக்கோமா?'ன்னு கேட்டான். வேற எதுவும் பேசல, வச்சுட்டான்."

வெசெலின், "ஊரு என்ன சொல்லும்னு யோசிச்சீங்களாக்கா?" என்றார். விதியெல்லாம் காற்றில் பறந்திருந்தது.

"பொறாமைக்காரின்னு சொல்லும். சொல்லட்டுமே. நல்லவன்னு பேர் வாங்கி நான் என்னடா பண்ணப்போறேன்?"

அப்போது நான் கேட்டேன். கேட்கக் கூடாத கேள்வி, கேட்டேன். "அந்தப் பொண்ணு பாட்டு எப்படி இருந்துச்சுக்கா?"

அவள் உடனே பதில் சொன்னாள், யோசிக்கவே இல்லை.

"என்னோடதைவிட நல்லா இருந்துச்சு." பிறகு பக்கத்திலிருந்த போனைப் பார்த்தாள். "அதான்டா கஷ்டம். கொஞ்சம் மட்டமா இருந்திருந்தா, பட்டியல் போனாலும் பாட்டு என்னோடதுதான் பெருசுன்னு நேத்தே போன் பண்ணியிருப்பேன்."

7

இதற்குமேல் இரண்டு வாக்கியங்கள் எழுதி இரண்டையும் அடித்திருக்கிறேன். அவள் போனில் எண்களை அழுத்தினாள் என்று எழுதினால், அவள் நல்லவளாக வேண்டும் என்று நான் ஆசைப்பட்டதால் அழுத்தினாள் என்று ஆகும். அழுத்தவில்லை என்று எழுதினால் கதை கசப்பாக முடிய வேண்டும் என்பதற்காக அவளைப் பலி கொடுத்ததாக ஆகும். அவள்மேல் எனக்கு அவ்வளவு பிரியம் வந்துவிட்டது. உக்னேவின் பாட்டையும் நான் கேட்டுவிட்டேன். அவளுக்குச் சேர வேண்டியதைக் குறைக்க எனக்கு மனசு வரவில்லை.

தாரிங்கா போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். என்னைப் பார்த்தாள். "நீ எழுதுற ஆளுதானே? நீயா இருந்தா என்ன பண்ணுவே?"

நான் வாயைத் திறந்தேன். "உங்க இடத்துல நானா இருந்தா, கண்டிப்பா நான்—" அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"பொய் சொல்லாதே. எந்திரிச்சு வெளிய போ."

வெளியே வந்துவிட்டேன். வெசெலின் எனக்கு முன்பே நழுவி வந்து மாடிப்படியில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார். கதவு சாத்தவில்லை. ஆறு மணிக்குக் கொஞ்ச நேரம் பாக்கி இருக்கிறது. அவள் எதிரில் இருக்கும் நாற்காலி காலியாக இருக்கிறது, உள்ளே போய் உட்காருங்கள். உங்களையும் அதே கேள்விதான் கேட்பாள்.