சம்பந்தி விற்ற காரின் சத்தம்

1

சத்தம்தான் உலகின் முதல் உண்மை. மனிதன் பேசத் தொடங்கும் முன்பே பிரபஞ்சம் அவனிடம் எதையோ சொல்லிக்கொண்டிருந்தது.

இதை எழுதிவிட்டு எழுந்து போய்க் காபி போட்டேன். திரும்பி வந்து படித்தபோது வெட்கமாக இருந்தது. கதையை எப்படி ஆரம்பிக்கக் கூடாது என்பதற்கு உதாரணமாக உதவும் என்று அடித்துவிடாமல் வைத்திருக்கிறேன். நடந்தது இவ்வளவுதான்: எங்கள் ஊரான வால்யேவோவில் என் பக்கத்து வீட்டுக்காரர் ராதொயே ஒரு பழைய கார் வாங்கினார். இடப்பக்கம் திருப்பினால் பின்னாலிருந்து 'டொக்' என்றது. நேராக்கினால் இன்னொரு 'டொக்'.

விற்றவர் மிலாதின். இன்னும் ஒன்பது நாளில் ராதொயேயின் மகள் யெலிட்சாவை மிலாதினின் மகன் கட்டிக்கொள்ளப் போகிறான். காரில் கோளாறு என்றால் சம்பந்தி ஏமாற்றிவிட்டார் என்று அர்த்தம். ஏமாற்றியிருந்தால் கல்யாணத்தன்று ராதொயே அவர் கன்னத்தில் மூன்று முறை முத்தமிட மாட்டார். சம்பந்திகள் முத்தமிடாவிட்டால் எங்கள் ஊரில் அது கல்யாணமே இல்லை. அதனால் அந்த டொக் எங்கிருந்து வருகிறது என்பது ராதொயேவுக்குத் தெரிந்தாக வேண்டும்.

2

மிலாதினை எப்படி அறிமுகப்படுத்துவது? முதல் வரைவு: "மிலாதின் நேர்மையான மனிதர், ஆனால்"

அந்த 'ஆனால்' எங்கே போகும் என்று தெரியாமல் நிறுத்திவிட்டேன். பள்ளி ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆய்வு ஓய்வு பெறவில்லை. யார் வீட்டுக்குப் போனாலும் சுவர்க் கடிகாரத்தைத் தன் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். சாவியைக் கொடுத்தபோது அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்:

"இந்த வண்டிக்குள்ள நான் சத்தமாத் தும்மினதுகூட இல்ல சம்பந்தி."

3

ராதொயேவும் நானும் மெக்கானிக் ஒப்ராத்திடம் போனோம். பானெட்டைத் திறந்ததும் எங்கள் ஊர் மெக்கானிக் எவரும் கேட்கும் முதல் கேள்வியை அவரும் கேட்டார்.

"இதுல யாருய்யா கை வெச்சது?"

"ஏன்?"

"அவன் கையை ஒடிக்கணும். அதான்."

"என் சம்பந்திங்க," என்றார் ராதொயே.

ஒப்ராத் பானெட்டை மெதுவாக மூடினார். "அப்ப விரலோட விட்டுரலாம்."

(இந்தக் கேள்விக்கும் காருக்கும் தொடர்பில்லை. போன மாதம் தானே பழுதுபார்த்த டிராக்டரைப் பார்த்தும் இதைக் கேட்டார்.)

இரண்டு நாளில் பின்பக்க ஷாக் அப்சார்பர்கள் இரண்டையும் மாற்றினார். ஒரு வீல் பேரிங்கையும் மாற்றினார். டொக் அப்படியே இருந்தது. டிக்கியைத் திறந்து பார்க்கலாமே என்றேன்.

"மொதல்ல டிக்கியைப் பாக்குறவன் மெக்கானிக் இல்ல, கஸ்டம்ஸ்காரன். நீ கதை எழுதுற ஆளு, பின்னாடி உக்காந்து காதைக் குடு."

4

மே மாத வெயில். நான்கு கண்ணாடிகளையும் ஏற்றிவிட்டுக் காருக்குள் மூன்று ஆண்கள். ஜன்னலைத் திறந்தால் சத்தம் வெளியிலா உள்ளேயா என்பது ஒரே நிமிடத்தில் தெரிந்துவிடும். ஆனால் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்தால் காற்று குறுக்கே பாயும். குறுக்குக் காற்று பட்டால் கழுத்து பிடித்துக்கொள்ளும், வாய் கோணும், சிறுநீரகம் கெடும். இதில் ஒப்ராத்துக்கும் ராதொயேவுக்கும் எனக்கும் கருத்து வேறுபாடே கிடையாது.

[இங்கே எங்கள் தேசியக் குணம் பற்றி ஒரு பத்தி இருந்தது. எடுத்துவிட்டேன். என்னைப் பற்றிய பத்தியாக மாறிக்கொண்டிருந்தது.]

"ஒண்ணையாவது தொறப்பமா?" என்றேன்.

"என் தோள்பட்டைய ஒரு வார்த்தை கேட்டுட்டுத் தொற," என்றார் ஒப்ராத்.

டொக்.

"ரோடு சரியில்ல," என்றார் ராதொயே.

"போன மாசம்தான்யா போட்டாங்க," என்றார் ஒப்ராத்.

"அதான் சரியில்ல."

5

இங்கே யெலிட்சா வருகிறாள். இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் உண்டு. ஆண்கள் நாள்கணக்கில் திணறியதைச் சட்டென்று முடித்துவைக்கும் பெண் கதைகளில்தான் வருவாள். என்ன செய்ய, வந்தாள். கல்யாண உடையை அளவு பார்க்கப் போக வேண்டும் என்று ஏறியவள், நான்கு கண்ணாடிகளையும் இறக்கினாள்.

"அடியே, செத்துருவோம்!" ராதொயே காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

"செத்தா சத்தம் கேக்காதுல்லப்பா. திருப்புங்க."

டொக்.

"வெளிய எதுவும் கேக்கல. டிக்கிக்குள்ள இருக்கு."

ஸ்டெப்னி வைக்கும் குழிக்குள் ஒரு பாட்டில் உருண்டுகொண்டிருந்தது. சுற்றியிருந்த பழைய பனியன் நழுவிக் கிடந்தது. பிளம் பழத்தில் காய்ச்சிய ராக்கியா சாராயம், பாதி காலி. லேபிளில் காய்ச்சிய ஆண்டு எழுதியிருந்தது, போன வருடம்தான், அச்சடித்தது போன்ற ஆய்வாளர் கையெழுத்தில். நிச்சயதார்த்தத்தில் இதே மிலாதின்தான் தண்ணீர் கிளாஸைத் தூக்கிப் பிடித்து, பதினொரு வருடமாக ஒரு சொட்டு தொட்டதில்லை என்று அரை மணி நேரம் பேசினார்.

"பாவம்பா மாமா. யார்கிட்டயும் சொல்லிராதீங்க," என்றுவிட்டு யெலிட்சா பஸ்ஸிலேயே போய்விட்டாள்.

ராதொயேயின் முகம் மலர்ந்தது.

"ஏமாத்தலய்யா! திருட்டுத்தனமாக் குடிக்கத்தான் செய்யிறாரு! எவ்வளவு நல்ல மனுசன்!"

6

காரை ஒப்ராத்தின் பட்டறைக்குக் கொண்டுபோய், மாற்றிய பேரிங்கைப் பற்றி இனி யாரும் பேசுவதில்லை என்று முடிவு செய்து, ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். அப்போது மிலாதின் போன் செய்தார். ராதொயே ஸ்பீக்கரில் போட்டார்.

"வண்டி எப்படி ஓடுது சம்பந்தி? சத்தம்… கித்தம்?"

இந்த இடத்தில் என்னிடம் மூன்று முடிவுகள் இருக்கின்றன. முதலாவது: ராதொயே "ஒண்ணும் இல்லையே" என்கிறார். பாட்டில் என்ன ஆனதோ என்று மிலாதின் கல்யாணம் வரை தூங்காமல் கிடக்கிறார். இரண்டாவது: ராதொயே பாட்டிலைப் பனியனில் சுற்றி எடுத்துப்போய் மிலாதின் கையில் ரகசியமாகக் கொடுக்கிறார். இருவரும் அழுகிறார்கள் (அழுகை எழுத எனக்கு வராது, ஓரிரு வரியில் முடித்துவிடுவேன்). மூன்றாவதுதான் பரிசு வாங்கக்கூடியது: கல்யாண மேசையின் நடுவில் ராதொயே அந்தப் பாட்டிலை வைக்க, மிலாதின் அத்தனை பேர் முன்னாலும் எழுந்து நின்று, நடுங்கும் குரலில்

வேண்டாம். நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். மறுமுனையில் அவர் மூச்சு விடுவது கேட்கிறது.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது முடிவும் மூன்றாவது முடிவும் நடைமுறைக்குச் சரிவராது. போன் வந்தபோதே பாட்டில் காலி. கடைசி கிளாஸ் என்னுடையது.